நோயாளிக்குச் சுய அறிதுயில் கற்றுக்கொடுப்பது எப்படி: முதல் சந்திப்பிலிருந்து தனியே செய்யும் நாள் வரை

நாட்பட்ட முதுகுவலி, தூக்கக் குறைவு, சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் போன்றவற்றோடு வருபவர்களுக்குச் சுய அறிதுயிலை, அதாவது ஹிப்னாடிசம் என்று பலரும் அறிந்த நிலைக்குத் தன்னைத்தானே கொண்டுசெல்லும் பயிற்சியை, கற்றுக்கொடுக்க விரும்பும் உளவியலாளர்கள், ஆலோசகர்கள், இயன்முறை மருத்துவர்கள், செவிலியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அறிதுயிலில் நீங்கள் முறையான பயிற்சி பெற்றிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெறாதவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு நோயாளியிடம் தொடங்க வேண்டாம்.

வலி மருத்துவப் பிரிவின் ஆலோசனை அறையில் என்னோடு பழகிய இளையவர்களின் பிழைகளைப் பார்த்ததில், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. நோயாளி தானே செய்ய வேண்டிய வேலையை நாம் நம் குரலால் செய்து முடித்து, கையில் ஓர் ஒலிப்பதிவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் நன்றாகத் தளர்கிறார், ஆனால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. கீழே உள்ள வரிசை இந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது. வாரம் ஒன்றாக நான்கு சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

வலிக்குக் காரணம் என்ன என்று மருத்துவர் பார்த்து முடித்துவிட்டாரா என்பதே முதல் கேள்வி. காரணம் தெரியாத வலியைப் பயிற்சியால் மட்டுப்படுத்தினால், உடல் சொல்ல வந்த செய்தியை நாமே அமுக்கிவிட்டதாக ஆகும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2008இல் எரிச்சல் குடல் நோய்க்கு வெளியிட்ட வழிகாட்டுதல்கூட, 12 மாதம் மருந்து எடுத்தும் குறையாதவர்களுக்கே அறிதுயில் சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. புதிதாக வந்த நெஞ்சுவலி, திடீரென்று மாறிய தலைவலி, காலில் மரத்துப்போதல் ஆகியவற்றோடு வருபவரை அன்றே மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்கள், யாரோ தன்னை இயக்குகிறார்கள் என்று நம்புபவர்கள், கொடிய அதிர்ச்சியின் நினைவுகள் திடீரென்று மேலெழுபவர்கள் ஆகியோரிடம், அவர்களைப் பார்க்கும் மனநல மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. கண்ணை மூடி உள்ளே கவனிப்பது இவர்களுக்கு ஓய்வாக அமையாமல் போகலாம். தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, உடனே மனநல மருத்துவரோடு இணைத்துவிடுங்கள். அரசின் கட்டணமில்லாத மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமனஸின் எண் 14416ஐயும் எழுதிக் கொடுங்கள்.

வலிப்பு உண்டா, இன்சுலின் போடுகிறாரா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா, ஆஸ்துமா உண்டா, காது நன்றாகக் கேட்கிறதா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பு உள்ளவர் அவருடைய மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கலாம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வரும் வியர்வையையும் நடுக்கத்தையும் பதற்றம் என்று நினைத்துப் பயிற்சி செய்யத் தொடங்கினால் ஆபத்து. முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

தொலைந்த நகையை எங்கே வைத்தேன் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்பவர்களும் வருவார்கள். மறுத்துவிடுங்கள். அறிதுயிலில் எழும் நினைவு சரியானதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் அது சரிதான் என்ற நம்பிக்கை மட்டும் வலுத்துவிடும். அப்புறம் வீட்டு வேலைக்கு வந்த யார் மீதாவது பழி விழும்.

2. அறையும் துணையும்

கை வைத்த நாற்காலி ஒன்று, சுவரில் கண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பொட்டு, 40 பக்க நோட்டு ஒன்று ஆகியவை போதும். படுக்கையைத் தவிர்த்துவிடுங்கள். படுத்தால் தூங்கிவிடுவார், தூக்கத்தில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அறை முழு அமைதியாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. மின்விசிறிச் சத்தத்திலும் வெளியே நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் சத்தத்திலும் பழகியவரே வீட்டிலும் செய்வார்.

கூட வந்தவரை முதல் சந்திப்பில் உள்ளே உட்காரவையுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்ற சந்தேகத்துக்கு இடமிருக்காது. வீட்டில் பயிற்சி நேரத்தைக் காத்துக்கொடுக்கப்போகிறவரும் பெரும்பாலும் அவர்தான். நோயாளியைத் தொட வேண்டியிருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். இந்த முறையில் தொடுவதற்கு எங்கும் தேவையில்லை என்பதால், தொடாமலே இருப்பது இன்னும் நல்லது.

3. என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது

புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஹிப்னாடிசம் என்றதும் கேட்பவர் மனத்தில் மேடையில் கோழிபோலக் கூவவைக்கும் ஆள் வந்து நிற்கிறார். மனவசியம் என்றாலோ வசியம், செய்வினை, மை என்று கதை வேறு திசையில் போய்விடும். மருத்துவமனையில் மயக்கம் என்று சொன்னால் அறுவைசிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்க மருந்து என்றே பொருள்.

அறிதுயில் நல்ல சொல், அறிந்தபடியே துயில்வது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் உறக்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல் அது என்பதால், சிலரிடம் ஒரே வரியில் விளக்கம் முடிந்துவிடும். எல்லாரிடமும் அது செல்லாது. எங்கள் வேதத்துக்கு இது ஒத்துவருமா என்று தயங்கும் கிறிஸ்தவரிடமும் இஸ்லாமியரிடமும், “இதில் மந்திரமும் இல்லை, வழிபாடும் இல்லை, உடம்பைத் தளர்த்தி, மனசை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சி” என்று சொல்லித் தொடங்குங்கள். உண்மையும் அதுதான்.

அடுத்து, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த அனுபவத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பேருந்தில் சன்னலோரம் ஏதோ நினைப்பில் உட்கார்ந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டிருப்பார். சிக்குக்கோலத்தில் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ அழைத்தது காதில் விழாமல் போயிருக்கும். கவனம் ஓரிடத்தில் குவிந்து மற்றவை விலகிப்போகும் இந்த நிலையைத்தான் வேண்டும்போது வரவழைக்கக் கற்கிறோம் என்று சொன்னால் பயம் பாதி தணியும்.

தூக்கம் என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தாதீர்கள். “நீங்க இப்ப தூங்கப்போறீங்க” என்று சொல்லிவிட்டால், முடிந்ததும் அவர், “எனக்குத் தூக்கமே வரலை சார், நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு” என்று தோல்வியை அறிவிப்பார். எல்லாம் கேட்கும், வேண்டும்போது கண்ணைத் திறக்கலாம், பிடிக்காததைச் செய்ய வேண்டியதில்லை என்ற மூன்றையும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

4. புளியங்காய்ச் சோதனை

விளக்கம் எவ்வளவு சொன்னாலும், எண்ணம் உடலை அசைக்கும் என்பதை அவரே உணர்ந்தால்தான் நம்புவார். பச்சைப் புளியங்காயை உடைத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு, முன்பல்லால் மெல்லக் கடிப்பதாக நினைக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் எச்சில் ஊறும், பல் கூசும், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்பார்கள். “காய் எங்கேயும் இல்லை, எச்சில் மட்டும் வந்தது பாருங்கள், தளர்ச்சியும் இப்படித்தான் வரும்” என்று அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நூலில் மோதிரத்தைக் கட்டி ஆடவிடும் ஊசல் சோதனையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவார்கள். நம் ஊரில் நான் அதைச் செய்வதில்லை. நூலும் மோதிரமும் ஆடத் தொடங்கியதும், நாம் கஷ்டப்பட்டு விலக்கிய மாந்திரீகம் அறைக்குள் திரும்பி வந்துவிடுகிறது.

5. வெளியே வருவதை முதலில் கற்றுக்கொடுங்கள்

உள்ளே செல்லும் வழியை முதலில் சொல்லிக்கொடுத்து, வெளியே வருவதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் அவசரமாக முடிப்பதே பொதுவான வழக்கம். நான் இதைத் தலைகீழாக மாற்றியிருக்கிறேன். திரும்பிவரும் வழி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் பயமில்லாமல் உள்ளே போவார்.

நோயாளி முழு விழிப்பில் இருக்கும்போதே பழக்குங்கள். ஒன்று என்றால் கால்விரலை அசைப்பது, இரண்டு என்றால் கைவிரல்களை மடக்கி விரிப்பது, மூன்றில் ஆழமாக ஒரு மூச்சு, நான்கில் தோளை உருட்டுவது, ஐந்தில் கண்ணைத் திறந்து அறையில் உள்ள மூன்று பொருள்களைப் பார்ப்பது. எண்களை அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுமாறாமல் மூன்று முறை செய்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

கண் திறந்ததும் எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழக்கூடும். மந்தமாகவே இருந்தால் ஐந்து எண்ணிக்கையை இன்னொரு முறை செய்யவையுங்கள். முழுத் தெளிவு வரும் முன் வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பருகே போகக் கூடாது.

6. உள்ளே செல்லும் வழி

சுவரில் உள்ள பொட்டைத் தலையை அசைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். கண் சற்று மேல்நோக்கி இருப்பதால் இமை தானாகவே களைக்கும், களைத்ததும் மூடிக்கொள்ளலாம். அண்மையில் கண் அறுவைசிகிச்சை செய்துகொண்டவருக்கு இதை விட்டுவிட்டு, நேரே கண்ணை மூடச் சொன்னால் போதும்.

பிறகு மூச்சு. இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருக்க வேண்டும். “நல்லா ஆழமா இழுங்க” என்று சொல்வது பரவலான பிழை. ஆர்வத்தில் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் உடலில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல்நுனி மதமதக்கும். நோயாளி பயந்து கண்ணைத் திறந்துவிடுவார். இழுப்பது வழக்கம்போல இருக்கட்டும், விடுவதை மட்டும் மெதுவாக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவரையும் மூச்சைக் கவனித்தாலே படபடப்பவரையும் மூச்சின் பக்கமே கொண்டுபோகாமல், உள்ளங்கையின் சூட்டைக் கவனிக்கவையுங்கள்.

மூன்றாவது, உடலின் கனம். வலிக்கும் இடத்திலிருந்து தொடங்காதீர்கள். வலியில்லாத கை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வெற்றி அங்கே எளிதாகக் கிடைக்கும். நான் சொல்வது ஏறத்தாழ இவ்வளவுதான்: “மூச்சு வெளிய போகும்போது வலது கை நாற்காலியில அமர்றதைக் கவனிங்க… கொஞ்சம் கனமாத் தோணலாம், இல்ல லேசாவும் தோணலாம்… எது வருதோ அதை இருக்கட்டும்னு விடுங்க.” கட்டாயம் கனமாகும் என்று அடித்துச் சொன்னால், கனமாகாதவருக்குத் தான் தோற்றுவிட்டதாகத் தோன்றும். இரண்டையும் திறந்து வைத்தால் எது நடந்தாலும் அது சரியாகவே இருக்கும்.

இந்தச் சொற்கள் பேச்சுத்தமிழில் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். “உங்கள் உடல் முழுவதும் அமைதி பரவுகிறது” என்று எழுத்துத்தமிழில் சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும், நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். கட்டுரையை எந்த நடையிலும் எழுதலாம். காதில் சொல்வது அவர் வீட்டில் பேசும் தமிழாகவே இருக்க வேண்டும்.

வேகத்தையும் கவனியுங்கள். அவர் மூச்சு விடும்போது மட்டும் பேசுங்கள், இழுக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் வேகம் தானே குறைந்துவிடும்.

7. அமைதியான இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்

அச்சிட்ட உரைகளில் கடற்கரை வரும், படிக்கட்டில் இறங்குவது வரும். தொடக்கக் காலத்தில் நானும் அவற்றை அப்படியே வாசித்தேன். ஒருமுறை, “அலை மெதுவா வந்து காலைத் தொடுது” என்றதும் எதிரே இருந்த பெண் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்காரர். 2004இல் சுனாமி வந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். அது என் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது, நான்தான் யோசிக்கவில்லை.

மூட்டுவலிக்காரரைக் கற்பனையில் இருபது படி இறங்கச் சொல்வதும் இதே வகைதான், ஒவ்வொரு படியிலும் முழங்கால் நினைவுக்கு வரும். எனவே முன்கூட்டியே கேளுங்கள்: “எங்க இருந்தா உங்களுக்கு மனசு அடங்கும்?” பெரும்பாலும் அழகான காட்சி எதுவும் வராது. வேப்பமரத்தடிக் கயிற்றுக்கட்டில், அம்மா வீட்டுத் திண்ணை, மழை நின்ற பிறகு பள்ளிவாசல் முற்றம் என்று சாதாரண இடங்களே வரும். அங்கே என்ன சத்தம் கேட்கும், என்ன வாசனை வரும், காலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று மூன்று கேள்வி கேட்டு, அவர் சொன்ன சொற்களையே திரும்பச் சொல்லுங்கள்.

8. ஒரே ஒரு வாக்கியம்

உள்ளே சென்ற பின் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியமே இந்தப் பயிற்சியின் மையம். முதல் சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இதை உருவாக்குவதற்கே ஒதுக்குங்கள். வாக்கியம் ஒன்றுதான், மூச்சு ஒன்றுக்குள் அடங்க வேண்டும், நிகழ்காலத்தில் இருக்க வேண்டும், அவருடைய வாயில் புரளும் சொற்களாக இருக்க வேண்டும்.

எதிர்மறைச் சொல்லைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. “வலிக்காது, வலிக்காது” என்று சொல்பவர் ஒவ்வொரு முறையும் வலியைத்தான் தேடிப் பார்க்கிறார். ஊசி, குழாய் போன்ற சிகிச்சைகளின்போது “இப்ப வலிக்கும்”, “எரியும்” என்று எச்சரிப்பது, ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும் வலியையும் பதற்றத்தையும் கூட்டுகிறது என்று எல்வீரா லாங் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

வலியின் அளவு வேறு, அது படுத்தும் பாடு வேறு. பியர் ரெயின்வில்லும் சக ஆய்வாளர்களும் 1997இல் அறிதுயில் நிலையில் இருந்தவர்களிடம், வலியின் துன்பத்தை மட்டும் கூட்டவும் குறைக்கவும் சொற்களைக் கொடுத்து மூளையைப் படம்பிடித்தார்கள். துன்பத்தோடு சேர்ந்து, வலியின் உணர்ச்சிப் பக்கத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேட் என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு மாறியது. வலியை உணரும் முதன்மைத் தொடுவுணர்வுப் பகுதியில் அந்த மாற்றம் தெரியவில்லை. நடைமுறையில் இதன் பொருள், வலி முழுவதும் மறைய வேண்டும் என்று குறிவைக்கத் தேவையில்லை என்பதுதான். “வலி இருக்கு, ஆனா தள்ளி இருக்கு” என்ற வாக்கியம் பலருக்கு எளிதாகக் கைகூடும்.

மதுரையில் பூக்கட்டும் தொழில் செய்யும் ஓர் அம்மாவோடு நடந்த உரையாடலைச் சொல்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “வலி போகணும் சார்” என்றார். வலி போனால் என்ன செய்வீர்கள் என்றேன். “உக்காந்து பூக் கட்டுவேன். இப்ப கால் மணி நேரம் உக்கார முடியல.” நன்றாகக் கட்டிக்கொண்டிருந்த நாளில் இடுப்பு எப்படி இருந்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. கை அது பாட்டுக்குக் கட்டும்” என்றார். “இடுப்பு எளகி இருக்கு, கை அது பாட்டுக்குக் கட்டுது.” அதுதான் அவருடைய வாக்கியம். நான் எவ்வளவு யோசித்திருந்தாலும் எனக்கு இது கிடைத்திருக்காது.

9. குரலைக் கைமாற்றுதல்

முதல் சந்திப்பில் நீங்கள் சொல்ல, அவர் செய்கிறார். இரண்டாம் சந்திப்பில் நீங்கள் பாதி சொல்லி நிறுத்த, மீதியை அவர் வாய்விட்டுச் சொல்கிறார். மூன்றாவதில் முழுவதையும் அவரே வாய்விட்டுச் சொல்லிச் செய்கிறார், நீங்கள் கேட்கிறீர்கள். நான்காவதில் அவர் மௌனமாகச் செய்கிறார், முடிந்ததும் என்ன செய்தார் என்று உங்களுக்குச் சொல்கிறார்.

மூன்றாவதைத் தாண்டிப் போக ஆசை வரும், ஏனென்றால் வாய்விட்டுச் சொல்ல நோயாளிக்குக் கூச்சமாக இருக்கும். தாண்டாதீர்கள். எந்தப் படியை அவர் விட்டுவிடுகிறார், எங்கே அவசரப்படுகிறார், எந்த வாக்கியத்தை மறுபடியும் “வலிக்காது” என்று மாற்றிவிட்டார் என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும்.

ஒலிப்பதிவு கேட்டால், முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். அவருடைய கைப்பேசியில் அவருடைய குரலிலேயே பதிவுசெய்தால் இன்னும் நல்லது. உங்கள் குரல் இல்லாமல் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டாம் சந்திப்புக்குத் திரும்பிப் போங்கள்.

10. வீட்டுப் பயிற்சி

முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 10 நிமிடம். எந்த நேரம் என்பதை நோயாளியோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். “நேரம் கிடைக்கும்போது” என்று விட்டால் கிடைக்காது. மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம், மாமியார் தொடர் பார்க்கும் நேரம் ஆகியவற்றைக் கேட்டு, இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், கண் சொக்கும். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு உட்காரவும் கூடாது. காது விசிலை எண்ணிக்கொண்டே இருக்கும்.

வலி கடுமையாக இருக்கும் நேரத்தில் முதல் பயிற்சியைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். நீச்சலை வெள்ளத்தில் இறங்கிக் கற்பதில்லை. மிதமான நாளில் பழகியதைத்தான் கடும் நாளில் பயன்படுத்த முடியும்.

நோட்டில் தேதி, பயிற்சிக்கு முன் எண், பின் எண் என்று மூன்றே கட்டம். எண் 0 முதல் 10 வரை. எழுதப் பழக்கமில்லாதவர் முன்னும் பின்னும் கோடுகள் போடலாம். நீண்ட குறிப்பு எழுதச் சொன்னால் நான்காம் நாள் நோட்டு காணாமல்போகும்.

11. சுருக்குவதற்கான குறி

இரண்டு வாரம் தவறாமல் செய்தவருக்கே இது. தளர்ச்சி நன்றாக அமைந்த நிலையில், கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட்டுக்கொள்ள, அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் இதைச் சேர்த்துவந்தால், விரல்கள் தொட்டதுமே உடல் அந்தப் பழக்கத்தை நினைவுகொள்ளத் தொடங்கும். அதன் பிறகு ஸ்கேன் அறையின் வெளியே வரிசையில் உட்கார்ந்தபடி, கண்ணைத் திறந்தபடியே இரண்டு நிமிடத்தில் செய்துகொள்ளலாம். குறியை முன்னதாகவே கொடுத்துவிட்டால் அது வெறும் விரலசைவாகவே நின்றுவிடும்.

12. வழக்கமாக வரும் தடுமாற்றங்கள்

எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன என்று சொல்பவரிடம், ஓடட்டும் என்று சொல்லுங்கள். திரும்பக் கையின் கனத்துக்கு வருவதே பயிற்சி. நூறு முறை விலகினால் நூறு முறை திரும்பிவர வேண்டும்.

தளரத் தொடங்கியதும் பதற்றம் கூடுபவர்கள் உண்டு. எப்போதும் விழிப்பாக இருந்தே பழகியவருக்குப் பிடியைத் தளர்த்துவதே ஆபத்தாகத் தோன்றும். கண் திறந்தபடி, கால் தரையில் ஊன்றியபடி, இரண்டு நிமிடம் மட்டும் செய்யவையுங்கள்.

திடீரென்று அழுகை வந்தால் பேசிக் கிளறாதீர்கள், தடுக்கவும் வேண்டாம். “நான் இங்கதான் இருக்கேன், வேணும்னா எண்ணிட்டு வெளிய வரலாம்” என்பது போதும். ஐந்தாம் எண்ணுக்கு வந்து, தண்ணீர் குடித்து, சற்றுப் பேசிவிட்டு அனுப்புங்கள். இதே மறுபடியும் நடந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எதுவுமே தோன்றாதவர்களும் இருப்பார்கள். அறிதுயிலுக்கு இசையும் தன்மை ஆளுக்கு ஆள் மாறும், முயற்சியால் அதைப் பெரிதாகக் கூட்ட முடியாது. மூன்று வாரத்தில் நோட்டில் முன் எண்ணும் பின் எண்ணும் ஒன்றாகவே இருந்தால், வாக்கியத்தையும் கற்பனை இடத்தையும் விட்டுவிட்டு, மூச்சையும் தசைகளை இறுக்கித் தளர்த்துவதையும் மட்டும் தொடரச் சொல்லுங்கள்.

பயிற்சி பலித்தவர்கள் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள், இதை நீங்கள் கேட்காமல் அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதனால் நான்காம் சந்திப்பில் நோட்டைப் பார்ப்பதற்கு முன் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாத்திரையாகக் காட்டி, இன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அன்றே பேசிவிடுங்கள். நோட்டில் உள்ள எண்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.